முன்பக்கத்தில் ஒட்டவும்

இந்தக் கமராவை நான் வாங்கும்போதே
அதற்குள் ஒரு சூரியன் இருந்தது.

கிண்ணியாவில் றிஸ்மி என்றொருவர்
பாதி விலைக்குத் தந்தார். காரணம் சொல்லவில்லை.
முதல் கலியாணத்திலேயே தெரிந்தது:
மணமகளின் இடது புருவத்துக்கு மேலே
கடுகளவு பச்சை.
அடுத்த படத்தில் அது ஐயரின் காதில்.
அதற்கடுத்ததில் வாசல் வாழைக்குலையில்.
அங்கே மட்டும் பொருந்தியது.

போனில் கேட்டேன்.
"நிலாவெளியில விடியிற சூரியனை
அரை மணித்தியாலம் விடாமப் பிடிச்சனான்.
வடிவாத்தான் வந்தது" என்றார்.
வந்திருக்கும்.
வந்தது திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால்
கொப்பித் தாளைப் பொசுக்கிப் பார்த்தவள் நான்.
தாள் பரவாயில்லை, புகைந்து சொல்லும்.
சென்சர் சொல்லாது.
மூன்று வருடமாய்க் கணினியில் குந்தியிருந்து
ஊர்ப் பெண்களின் முகங்களிலிருந்து
றிஸ்மியின் காலைப்பொழுதைத் துடைத்து எடுக்கிறேன்.

ஆகவே மார்கழிக் கிரகணத்துக்கு
வெள்ளி மினுங்கும் தாளொன்றைக்
கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். மூவாயிரத்து இருநூறு ரூபா.
உறையில் ஒரே வரி: முன்பக்கத்தில் ஒட்டவும்.
கண் வைக்கிற பக்கம் ஒட்டினால்
வெயில் முழுவதும் உள்ளே வந்து
குவிந்து முடித்த பிறகுதான்
காவலாளியைச் சந்திக்கும்.
எக்ஸ்ரே தாள் போதாது.
கூலிங் கிளாஸ் போதாது.
மேகம் போதவே போதாது,
அது எப்போது விலகும் என்று
மேகத்துக்கே தெரியாது.

பிஸ்கட் பெட்டி மட்டையில் வளையம் வெட்டித்
தாளை இறுக்கி, செலோடேப் ஒட்டி,
டச்சுக் குடாவுக்குப் போனால்
ஒன்பது மணிக்கே சனம்.
இரண்டு மான்கள் குப்பைத் தொட்டியைக் கிளறின,
ஒருமுறையும் அண்ணாந்து பாராமல்.
வெல்டிங் கடைச் சந்திரமோகன்
பதினாலாம் நம்பர்க் கண்ணாடி போட்ட
முகமூடியோடு வந்திருந்தார்.
பிள்ளைகள் வரிசையில் நின்று
அவருடைய முகத்துக்குள் புகுந்து பார்த்தார்கள்.

ஒன்பது இருபத்தைந்து.
அந்தத் தேதிக்கு இந்தக் கரையில் வேறு கணக்கும் உண்டு.
ஒலிபெருக்கியில் ஒருவர்
இரண்டு நிமிடம் என்றார்.
எல்லோரும் சூரியனை விட்டு
மணலைப் பார்த்தார்கள்.
கடலைப் பார்க்கவில்லை எவரும்.

அப்போது காற்று வந்தது.

டேப்பின் ஒரு முனை எழும்பி
மட்டையில் டிக் டிக் என்று அடித்தது.
அந்த மௌனத்தில் அதைவிடப் பெரிய சத்தமில்லை.
முக்காலியில் கமரா, சூரியனுக்கு நேரே,
திறந்த கண்ணோடு.
அசையக் கூடாது.
பதினைந்து வருடத்துக்கு முன்
அதிசயம் என்று கடலைப் பார்த்து
இங்கே அசையாமல் நின்றவர்களில்
என் மச்சாளும் ஒருத்தி.

அசைந்தேன்.
உள்ளங்கையை லென்சுக்கு முன்னால் வைத்தேன்.
நிலவு தின்று மிச்சம் விட்ட வெயில்
புறங்கையில் ஒவ்வொரு மயிரின் நிழலையும்
கூராய்க் கீறிக்கொண்டிருந்தது.
யாரோ ஒருத்தி கடைக்கண்ணால் முறைத்தாள்.
கையை எடுக்கவில்லை.

நேரம் முடிந்ததும் சந்திரமோகன் வந்து
ஒன்றும் கேட்காமல்
கறுப்பு இன்சுலேசன் டேப்பால்
மூன்று சுற்றுச் சுற்றினார்.
"இப்ப கையை எடும் பிள்ளை."

பிறகு வளையம் வந்தது.
அதைப்பற்றி என்ன சொல்ல,
எல்லோரும் "ஆ" என்றோம்.

திரையில் படம்: முழுக் கறுப்பு,
நடுவில் செம்மஞ்சள் காப்பு,
மேலே இடப்பக்கம் தனியாக ஒரு பச்சைப் பொட்டு.
எட்டிப் பார்த்த பொடியன் கேட்டான்,
"அது வெள்ளியா அக்கா?"

"றிஸ்மி" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு
முகமூடி வரிசைக்கு ஓடினான்.
அங்கே ஒருவர் மாறி ஒருவர்
வானத்தில் றிஸ்மியைத் தேடத் தொடங்கினார்கள்.